மனத்தை ஆராயப் புறப்படும் மாணவர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா என்றால் ஒரு மகானின் சரித்திரத்தையோ ஒரு பண்டிகையின் தாற்பரியத்தையோ எடுத்துப் பேசுவது இம்மேடையின் வழக்கம். இம்முறை சற்று விலகிய ஒரு பொருளை எமக்குத் தந்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. எமது அங்கத்தவர் ஒருவரின் தங்கை இவ்வாண்டு சர்வகலாசாலையில் உளவியல் பயிலத் தெரிவாகியிருக்கிறாள். செய்தி லயத்துக்கு லயம் பரவியது. பாராட்டியவர்கள் பலர். ஆயினும் பாராட்டின் பின்னே மூன்று கேள்விகளும் வந்தன. பைத்தியக்காரரைப் பார்க்கிற படிப்பா அது? எத்தனை வருஷம் படிக்க வேண்டும்? படித்து முடித்தால் உத்தியோகம் உண்டா? கேட்டவர்களை நாம் குறைகூற மாட்டோம். கொழுந்து மலையில் உழைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிறவர்களுக்கு இம்மூன்றையும் கேட்க முழு உரிமை உண்டு. ஆகவே ஒழுங்காகவே விடை தேடுவோம்.

முன்னாளில் மனோதத்துவம் என்றும் உளநூல் என்றும் சொன்னதையே இன்று உளவியல் என்கிறோம். மனத்தைப் பற்றிய சிந்தனை நம்மவருக்குப் புதிதன்று. ஆனால் அளவுகோலும் கடிகாரமும் கொண்டு, ஒருவர் செய்த சோதனையை இன்னொருவர் மீளச் செய்து சரிபார்க்கும் முறையில் அதைப் பயிலத் தொடங்கியது 1879ஆம் ஆண்டில். ஜேர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் என்னும் பேராசிரியர் அதற்கென்றே ஒரு சோதனைச்சாலையை அமைத்தார். நம் மலைகளில் கோப்பிச் செடி நோயால் பட்டுப்போய்த் தேயிலை பரவிக்கொண்டிருந்த காலமும் அதுவே. எனவே வயதைப் பார்த்தால் இச்சாஸ்திரம் நமது தேயிலைத் தோட்டங்களுக்கு மூத்ததன்று.

பைத்தியக்காரரைப் பார்க்கிற படிப்பா என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே விடை சொல்லிவிடலாம். மனநோய்க்கு மருந்து எழுதித் தருபவர் வைத்தியக் கல்லூரியில் பயின்ற மனநல வைத்தியர். உளவியலாளர் அவரல்லர். குழந்தை எப்படிப் பேசக் கற்கிறது, கூட்டத்தில் தனி மனிதன் ஏன் மாறிப்போகிறான், பரீட்சை மண்டபத்தில் படித்தது ஏன் மறக்கிறது, துயரத்திலிருந்து ஒருவர் எப்படி மீள்கிறார் என்பன போன்றவை அவர் ஆராய்பவை. நோயுற்றோருக்கு ஆலோசனையும் உளச்சிகிச்சையும் அளிப்பது அதன் ஒரு கிளை. அக்கிளையில் பணிபுரிய முதற்பட்டம் மாத்திரம் போதாது.

எத்தனை வருஷம் என்ற கேள்விக்கு விடையாக ஒரு மனிதரின் கதையைச் சொல்ல விரும்புகிறோம். இந்திய சர்வகலாசாலை ஒன்றில் உளவியலுக்கென முதன்முதலாகக் கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவர். பெயர் கிரீந்திரசேகர் போஸ்.

1887ஆம் ஆண்டு பிறந்த வங்காளி. தந்தை தர்பங்கா மகாராஜாவிடம் திவானாக இருந்தவர். தமையன் ராஜசேகர் போஸ், பரசுராம் என்னும் புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதி வங்காளத்தையே சிரிக்க வைத்தவர், அகராதியும் தொகுத்தவர். தம்பிக்கு இளமை முதலே ஜாலவித்தையிலும் மனோவசியத்திலும் பிரியம் அதிகம். கல்கத்தாவில் வைத்தியம் பயின்று 1910இல் பட்டம் பெற்றுத் தொழிலைத் தொடங்கினார். வருமானம் நன்றாகவே வந்தது. உடம்பில் யாதொரு கோளாறும் காணப்படாமலே துன்புறும் நோயாளர் சிலர் அவரிடம் வந்தார்கள். மனோவசியத்தால் சிலருக்குச் சுகம் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்பது அவருக்கு விளங்கவில்லை. வியன்னாவில் சிக்மண்ட் பிராய்ட் என்னும் வைத்தியர் நோயாளரைப் பேசவிட்டே குணப்படுத்துகிறாராம் என்ற செய்தி பத்திரிகைகள் வாயிலாக எட்டியது. ஆனால் அவருடைய நூல்களுள் ஆங்கிலத்தில் கிடைத்தவை அப்போது மிகச் சிலவே.

இந்நிலையில் கல்கத்தா சர்வகலாசாலையில் ஆசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால் சோதனை உளவியலுக்கு ஒரு தனித்துறை 1916ஆம் ஆண்டளவில் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் ஹாவார்ட் சர்வகலாசாலையில் பயின்று திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா அதற்குத் தலைவரானார். ஆறு ஆண்டுகள் வைத்தியராகத் தொழில் பார்த்த போஸ், தமக்கு வயது இருபத்தொன்பது என்பதையும் எண்ணாமல், அங்கே மாணவராய்ச் சேர்ந்தார். இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். நம்மிடையே இருபத்திரண்டு வயதான பிள்ளையிடம் “இன்னும் என்ன படிப்பு?” என்று கேட்கும் வழக்கம் இருக்கிறது. கையில் தொழிலும் வீட்டில் குடும்பமும் உள்ள ஒரு வைத்தியர், பகலில் நோயாளரையும் பார்த்துக்கொண்டு மீண்டும் மாணவர் வாங்கில் உட்கார்ந்தார். 1917இல் முதுமாணிப் பரீட்சையில் தேறினார். அதே துறையில் விரிவுரையாளருமானார். பின்னர் 1921இல் விஞ்ஞான கலாநிதிப் பட்டம். முப்பத்துநான்காவது வயதில்!

அவருடைய ஆய்வு, மனம் தனக்கு ஒவ்வாத ஆசைகளை எவ்வாறு உள்ளே அழுத்தி ஒடுக்கி வைக்கிறது என்பதைப் பற்றியது. இன்றைய பிள்ளைகள் அறிய வேண்டியது என்னவென்றால், அவருக்கு வழிகாட்டுவதற்கு அத்துறையில் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர் கல்கத்தாவில் இருந்ததில்லை. தம் நோயாளர் சொன்னவற்றை எழுதினார், ஒப்பிட்டார், ஒரு கருத்துக்கு வந்தார், மறுபடி சோதித்தார். அச்சான நூலை வியன்னாவுக்குத் தபாலில் அனுப்பினார். பிராய்டிடமிருந்து பதில் வந்தது. தூர தேசமொன்றில் தமது கொள்கைக்கு இத்தனை ஈடுபாடு இருக்கக் கண்டு வியந்தும் நூலின் பிரதான கருத்துகளை ஏற்றும் எழுதியிருந்தார். அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து 1937 வரை நீடித்தது. இருவரும் ஒருமுறையேனும் நேரிற் சந்தித்ததில்லை.

இக்கடித நட்பில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிராய்டின் முகத்தைப் படத்திலும் கண்டிராத ஓவிய நண்பர் ஒருவர், எழுத்தைக் கொண்டே ஆளை ஊகித்து ஒரு சித்திரம் தீட்டினார். போஸ் அதை 1922இல் வியன்னாவுக்கு அனுப்பிவைத்தார். பிராய்ட் தம் தோழி ஒருவருக்கு எழுதும்போது, ஓவியர் தம்மை முழு ஆங்கிலேயராகவே ஆக்கிவிட்டார் என்று கேலி பண்ணினார். வெள்ளைக்காரர் என்றால் ஆங்கிலேயர்தாம் என்று எண்ணும்படியாக நம் நாடுகள் இருந்த காலம் அது. ஓவியர் மேல் குற்றமில்லை. 1931இல் பிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்கு இந்திய உளப்பகுப்புச் சங்கத்தார் தந்தத்திற் செதுக்கிய ஒரு விஷ்ணு சிலையை அனுப்பினார்கள். அவர் அதைத் தம் எழுதுமேசை மீது வைத்துக்கொண்டார். பிராய்ட் இறுதியாக வாழ்ந்த லண்டன் வீடு இன்று நூதனசாலையாக உள்ளது. சிலையும் அங்கே இருக்கிறது.

ஆனால் இந்த மரியாதையெல்லாம் போஸை ஆமாம்சாமி ஆக்கிவிடவில்லை. ஐரோப்பிய நோயாளரிடம் பிராய்ட் கண்டவையும் தம்முடைய இந்திய நோயாளரிடம் தாம் கண்டவையும் எல்லாவற்றிலும் ஒன்றல்ல என்று 1929இல் அவர் எழுதினார். ஒவ்வோர் ஆசைக்கும் உள்ளே அதற்கெதிரான ஆசை ஒன்று சோடியாக இருக்கிறது என்பது அவருடைய கொள்கை. பிராய்ட் அதை முழுமையாக ஏற்கவில்லை; போஸ் கைவிடவுமில்லை. இருவரிலும் யார் சொன்னது சரி என்று தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. இருவர் கருத்துகளுமே பிற்காலத்தில் கடுமையாக விமர்சிக்கப்பட்டன. ஆனால் உலகப் புகழ் பெற்ற ஒருவருக்கு, “ஐயா, எங்கள் ஊரில் நாங்கள் கண்டது வேறு” என்று பணிவோடும் சான்றோடும் எழுத முடிந்ததே, அதைத்தான் கலாநிதிப் பட்டத்தைவிடப் பெரிய படி என்று நாம் மதிக்கிறோம்.

பிற்காலத்தில் 1933இல் கல்கத்தாவில் ஒரு பொது வைத்தியசாலையிலேயே மனநோயாளருக்கு வெளிநோயாளர் பிரிவு ஒன்றை ஆரம்பித்தார். மனநோயாளரைத் தூரத்தில் மதிலுக்குள் அடைத்து வைப்பதே வழமையாயிருந்த காலத்தில் காய்ச்சல்காரரோடு அவர்களையும் ஒரே வாசலால் வரவழைத்தார். 1940இல் லும்பினி பூங்கா என்னும் மனநல வைத்தியசாலையும் எழுந்தது. 1953இல் காலமானார்.

தெற்கேயும் இத்துறை வெகு தாமதமாய் வரவில்லை. மைசூரில் எம். வி. கோபாலசுவாமி, லண்டனில் ஸ்பியர்மன் என்னும் பேராசிரியரிடம் பயின்று வந்து 1924இல் துறையைத் தொடங்கினார். 1935இல் தம் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையத்தை அமைத்து அதற்கு ஆகாசவாணி என்று பெயரிட்டவரும் இவரே. நமது நாட்டில் உளவியல் நெடுங்காலம் மெய்யியல், கல்வியியல் துறைகளுக்குள் அடங்கிய ஒரு பாடமாகவே கற்பிக்கப்பட்டு வந்தது.

மலையகப் பிள்ளை அவ்வாசலுக்குப் போய்ச் சேர எடுத்த காலமோ இன்னும் நீண்டது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட பெற்றோர், ஒரே ஆசிரியரும் ஒரே மண்டபமுமாயிருந்த தோட்டப் பாடசாலை. அரசாங்கம் அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்றது 1970களிலேதான். எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல். இவற்றை நீங்கள் அறிவீர்கள், விரித்துரைக்கவில்லை.

இனி, நம் பிள்ளை ஒருத்தி உளவியலில் ஆராய்ச்சி மாணவியாகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சிறப்புப் பட்டத்துக்கு நான்கு வருஷம். அதன் இறுதியிலேயே ஒரு சிறிய ஆய்வை எழுதித் தர வேண்டும். முதுமாணிக்கு ஒன்றோ இரண்டோ வருஷம். கலாநிதிப் பட்டத்துக்கு மேலும் மூன்று, நான்கு, சில வேளை ஆறு. கணக்கைக் கூட்டினால் தலை சுற்றும். ஆனால் வருஷங்கள் புத்தகத்தோடு மட்டும் கழிவதில்லை. என்ன கேள்விக்கு விடை தேடப் போகிறோம் என்று தெளிவாக எழுதி வழிகாட்டியின் சம்மதம் பெறவே மாதங்கள் போய்விடும். அதன் பின் ஒழுக்கநெறிக் குழுவின் முன் நிற்க வேண்டும். ஆராயப்படுகிற மக்களுக்கு இந்த ஆய்வால் தீங்கு வராதா, அவர்கள் சுயமாகச் சம்மதிக்கிறார்களா, சொன்னவை இரகசியமாக இருக்குமா என்று அக்குழு கேட்கும்.

இதைத் தோட்டத்தில் வைத்துப் பாருங்கள். காலையில் பிரட்டுக் களத்தில் துரை “இந்தப் பிள்ளை கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள்” என்று சொல்லிவிட்டால் நூறு பேரும் பதில் சொல்வார்கள். அது சம்மதமா? நம்மவர் வாயில் ‘ஆமாங்க’ என்ற சொல் எத்தனை தலைமுறையாய்ப் பழகியிருக்கிறது! “மனசுக்குக் கஷ்டமாயிருக்கா?” ஆமாங்க. “சந்தோசமா இருக்கீங்களா?” அதற்கும் ஆமாங்க. அந்த ஆமாங்கவையெல்லாம் எண்ணிக் கூட்டி அட்டவணை போட்டால் அட்டவணை அழகாயிருக்கும், உண்மை இராது. வேலையை விட்டு வந்தால் பேர் விழாதோ, அரைப்பேர் ஆகிவிடுமோ என்ற பயத்தோடு நிற்பவரிடம் மனத்தைப் பற்றிக் கேட்பதும் முறையன்று. மாலையில் மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பும் தாய்மாருக்கு, தண்ணீர், விறகு, சமையல் என்று அடுத்த வேலைநாள் தொடங்கிவிடுகிறது. ஞாயிறு பிற்பகல்தான் மிச்சம். வீட்டுக்குள் கேட்கலாமென்றால் லயத்துச் சுவருக்குக் காது உண்டு. நடுவே ஒரு மெல்லிய மறைப்பு, அப்பால் அடுத்த குடும்பம். பீலிக்கரைக்குப் போகும் வழியில் தனியாக நடந்துகொண்டு பேசுவது இரகசியத்துக்கு உத்தமம். இப்படி ஒரு யோசனையை எந்தப் பாடநூலும் சொல்லித்தராது. அதை அறிந்தவள் தோட்டத்திற் பிறந்தவளே. ஆனால் அவளுக்கும் ஒரு இடையூறு உண்டு. அந்நியர் கேட்டால் விளக்கிச் சொல்பவர்கள், இவளிடம் “ஒனக்குத் தெரியாததா, தாயி?” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

அடுத்தது மொழி. ஆங்கிலத்தில் அமைந்த வினாக்கொத்துகளைத் தமிழாக்கி, அத்தமிழை இன்னொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கி, இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது இன்றைய முறை. நல்ல முறைதான். ஆனால் சொல் பொருந்தினால் போதுமா? துயரத்தை நீல நிறமாகச் சொல்வது ஆங்கிலேயர் வழக்கு. அதை அப்படியே பெயர்த்து, “நீலமாக உணர்கிறீர்களா?” என்று நம் பாட்டியிடம் கேட்டால் பாம்பு கடித்ததா என்று கேட்கிறார்கள் என்றே நினைப்பாள். ‘மனச்சோர்வு’ என்பது பத்திரிகைச் சொல். நம்மவர் “ரொம்ப யோசனை” என்பார்கள்; “நெஞ்சை அடைக்குது” என்பார்கள்; பெரும்பாலும் “தலையிடி” என்று மட்டும் சொல்லித் தோட்டத்து டிஸ்பென்சரியில் இரண்டு பனடோல் வாங்கிக்கொண்டு போவார்கள். சொற்கள் பொருந்தினாலும் வாழ்க்கை பொருந்த வேண்டுமே. பசி குறைந்துவிட்டதா என்ற கேள்வி மனச்சோர்வை அறியக் கேட்கப்படுவது. மாதக் கடைசியில் மாவும் இல்லாத வீட்டில் அதற்கு என்ன பொருள்? தூக்கம் கெட்டிருக்கிறதா என்றால், 10 அடிக்கு 12 அடி அறையில் கைக்குழந்தையோடு ஏழு பேர் படுக்கும் இடத்தில் தூக்கம் கெடாதவர் யார்? ஆராய்ச்சி மாணவர் இவற்றைப் பிரித்தறிந்து எழுதாவிட்டால், வறுமையை நோய் என்றும், நோயை வறுமை என்றும் மாற்றி எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது.

இந்த ஆபத்து வெறும் கற்பனையன்று. 1905இல் பாரிஸ் நகரில் அல்பிரட் பினே என்பவரும் அவருடைய உதவியாளர் சிமோனும் பள்ளிச் சிறுவருக்காக ஒரு சோதனையை அமைத்தார்கள். எந்தப் பிள்ளைக்கு விசேட உதவி வேண்டும் என்று அறிவதே அதன் நோக்கம். அமெரிக்காவில் கொடார்ட் என்பவர் அதை எடுத்துக்கொண்டு, 1913இல் நியூயோர்க் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்திறங்கிய ஏழைக் குடியேறிகளைச் சோதிக்க ஆட்களை அனுப்பினார். கப்பலின் கீழ்த்தட்டில் வாரக்கணக்காய் வந்தவர்கள், ஆங்கிலம் அறியாதவர்கள், பலர் பென்சிலைக் கையாற் பிடித்துப் பழகாதவர்கள். சோதித்தவர்களிற் பெரும்பாலோர் மந்தபுத்தியினர் என்று அவர் முடிவு எழுதினார்! அந்த வரிசையைப் பற்றிப் படிக்கும்போது நமக்கு மண்டபம் முகாம் நினைவுக்கு வருகிறது. அங்கே மருந்து தெளித்து எண்ணிக் கப்பலேற்றப்பட்ட நம் முன்னோரையும் அன்று யாராவது இப்படி ஒரு சோதனைத்தாளை நீட்டி அளந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? இராமாயணத்தையும் பொன்னர் சங்கர் கதையையும் விடிய விடிய மனப்பாடமாகப் பாடக்கூடியவர்களை? கொடார்டே பிற்காலத்தில் தம் கருத்துகள் பலவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

இத்தனை இடர்ப்பட்டுச் செய்யும் ஆராய்ச்சியால் யாருக்கு என்ன பயன் என்று பெரியோர் கேட்பது எமக்குக் கேட்கிறது. நம் நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்வோம். பேசத் தயங்கும் விஷயந்தான். ஆனாலும் பேசாதிருக்க முடியாது. 1995ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் வீதம் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. பெரும்பாலும் பயிருக்கு அடிக்கும் நஞ்சினால் நிகழ்ந்தவை. விதி என்றார்கள், குடி என்றார்கள், காதல் என்றார்கள். ஆராய்ச்சியாளர்களோ பிழைத்து எழுந்தவர்களின் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டார்கள். பாதிப் பேரளவில், நினைத்ததற்கும் செய்ததற்கும் இடையே அரை மணி நேரமும் இருக்கவில்லை. ஒரு சண்டை, ஒரு அவமானம், கைக்கு எட்டும் இடத்தில் நஞ்சு. நீண்ட நாள் திட்டமிட்ட முடிவன்று அது. கொந்தளிப்பு அடங்கும் வரை கொடிய நஞ்சு கைக்கு எட்டாதிருந்தால் பலர் பிழைப்பார்கள் என்பது இதிலிருந்து புலப்பட்டது.

அதிகாரிகள் ஏற்கெனவே சில நஞ்சுகளைத் தடுக்கத் தொடங்கியிருந்தார்கள். 1995இல் அதிகொடிய வகுப்பைச் சேர்ந்தவை முற்றாக நிறுத்தப்பட்டன, 1998இல் என்டோசல்பான், 2008 முதல் 2011 வரையில் பரகுவாட் உட்பட மேலும் மூன்று. 2005இல் கணக்கெடுத்தபோது விகிதம் ஏறக்குறையப் பாதியாகியிருந்தது. அதன் பின்னும் குறைந்தது. வேலையில்லாமை, விவாகரத்து, யுத்தம் ஆகியவற்றின் ஏற்ற இறக்கத்தோடு இந்த வீழ்ச்சி பொருந்தவில்லை, தடைகளோடுதான் பொருந்துகிறது என்றும் ஆராய்ந்து காட்டினார்கள். பல்லாயிரம் உயிர்கள்! அவர்களிற் சிலர் இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கவும் கூடும். கேள்வியை ஒழுங்காகக் கேட்டு, விடையைப் பொறுமையாக எழுதி, கணக்கை நேர்மையாகப் போட்டவர்களின் வேலை இது. அவர்களுள் ஆராய்ச்சி மாணவரும் இருந்தார்கள், வைத்தியரும் இருந்தார்கள்.

ஆனால் தோட்டங்களில் மனம் எவ்வாறிருக்கிறது என்பதை அங்கேயே பிறந்து அந்த மொழியைப் பேசுபவர்கள் ஆராய்ந்தவை இன்னும் சொற்பமே. தகப்பனின் குடி பிள்ளையின் படிப்பை எப்படித் தொடுகிறது? தாய் மத்திய கிழக்குக்குப் போன வீட்டில் பாட்டியிடம் வளரும் சிறுவனுக்கு இரவில் என்ன கனவு? மண்சரிவு அபாயம் என்று மழைக்கு மழை பாடசாலைக்கு இடம்பெயரும் குடும்பம் எப்படித் தூங்குகிறது? சாமி வந்து ஆடிய பிறகு ஒரு பெண்ணுக்கு மனம் லேசாவது ஏன்? இவை ஒவ்வொன்றும் ஒரு கலாநிதிப் பட்டத்துக்குப் போதுமான கேள்விகள்.

உத்தியோகம் பற்றிய கேள்வி எஞ்சியிருக்கிறது. பாடசாலைகளில் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர், பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர், தொண்டு நிறுவனங்கள், மேற்படிப்பு முடித்தவர்க்கு சர்வகலாசாலையும் வைத்தியசாலையும், இடங்கள் உண்டு. ஆனால் வைத்தியருக்கும் பொறியியலாளருக்கும் காத்திருப்பது போல நாற்காலி காத்திருக்கும் என்று சொன்னால் அது பொய். முதல் சில வருஷங்கள் ஒப்பந்த வேலையும் சொற்ப சம்பளமுமாகக் கழியலாம். வீட்டார் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

இறுதியாக எம் வாலிபருக்கு ஒரு வேண்டுகோள். வினாக்கொத்தோடு ஒரு மாணவர் உங்கள் தோட்டத்துக்கு வந்தால், ஆணாயினும் பெண்ணாயினும், எந்த இனத்தவராயினும், தேநீர் கொடுத்து உட்கார வையுங்கள். எதற்கு இது, யார் படிப்பார்கள், எங்கள் பேர் வருமா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்ல விருப்பமில்லையேல் இல்லை என்று சொல்லுங்கள். அதுவும் அவர் ஆய்வுக்கு வேண்டிய ஒரு தரவுதான். மனம் மிகவும் நொந்திருக்கும் ஒருவர் உங்கள் லயத்தில் இருந்தால் ஆராய்ச்சி முடியும்வரை காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். அதைச் சங்க மண்டபத்து அறிவித்தல் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கும்படி செயலாளரிடம் கேட்டிருக்கிறோம், அவரும் இசைந்திருக்கிறார்.